200 ஜிஎஸ்எம் தார்ப்பாய்: ஒரு மழைக்காலம் ஓட்டின் மேல் கிடந்த பிறகு

போன ஐப்பசியில் அம்மா வீட்டு முகட்டில் தென்னை மட்டை விழுந்து, மூன்று முகட்டு ஓடும் அதற்குக் கீழே ஏழெட்டு சீமை ஓடும் நொறுங்கிவிட்டன. வீடு பேராவூரணிப் பக்கம். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதே இப்போது பெரிய பாடு. கிடைத்தவரும், "மழை விடட்டும் தங்கச்சி, தை பிறந்ததும் வர்றேன்" என்றார். ஈர ஓட்டில் ஏறினால் ஓடும் உடையும், ஆளும் விழுவார். அவர் சொன்னது சரிதான். ஆக, இரண்டரை மாதம் தார்ப்பாயை நம்பித்தான் அம்மா அந்த வீட்டில் படுக்க வேண்டும்.

முதலில் ஆன்லைனில் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கினேன். 18க்கு 24 அடி, 120 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தார்கள், 850 ரூபாய். மூன்றாவது வாரமே கயிறு கட்டும் வளையங்கள் துணியோடு பிய்ந்து வந்துவிட்டன. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா போன் செய்தார், அரிசிப் பானை பக்கம் ஒழுகுகிறது என்று. மறுநாள் போய் அதைச் சுருட்டி எடுத்து எடை போட்டேன். 3 கிலோ 200 கிராம்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 18ஐ 24ஆல் பெருக்கி 10.76ஆல் வகுத்தால் 40 சதுர மீட்டர். 120 என்பது உண்மையானால் கிட்டத்தட்ட 4 கிலோ 800 இருக்க வேண்டும். எனக்கு வந்தது 80 ஜிஎஸ்எம். வயதானவர் தலைக்கு மேல் போடும் பொருளில் இப்படிச் செய்திருக்கிறார்களே என்று இன்னும் ஆறவில்லை.

இரண்டாவதை ஊர்க் கடையில் வாங்கினேன். 200 ஜிஎஸ்எம், அதே அளவு, 1,900 ரூபாய். "அண்ணே, தராசுல வச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் வைத்தார். 7 கிலோ 700. விரித்து அளந்தால் 17½க்கு 23½ அடிதான் இருந்தது. ஓரம் மடித்துத் தைப்பதில் அரை அடி போகும் என்று அவரே சொன்னார். அந்த அளவுக்கு இந்த எடை சரியாக வருகிறது. ஓர மடிப்புக்குள் கயிறு ஓடுகிறது, மூன்று அடிக்கு ஒரு அலுமினிய வளையம், மூலைகளில் இரட்டைத் துணி. முதலில் வாங்கியதில் இந்தக் கயிறே இல்லை. அதனால்தான் வளையம் பிய்ந்தது.

போட்டுக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் சித்தப்பா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னையும் போனது, கூரையும் போனது. அப்போது தார்ப்பாய் மேல் கல்லை ஏற்றி வைத்தோம், அடுத்த காற்றில் கல் உருண்டு இன்னும் நாலு ஓடுகளை உடைத்தது. இந்த முறை சித்தப்பா கல்லைத் தொடவே இல்லை. சாக்கில் பாதி மணல் நிரப்பி, இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்து, முகட்டின் இரு பக்கமும் தொங்கும்படி போட்டார். கீழ் ஓரத்தை ஒரு மூங்கிலில் சுருட்டிக் கட்டி, வளையத்துக் கயிற்றைக் கூரையைத் தாங்கும் கைமரத்தில் இழுத்துக் கட்டினார். உடைந்த ஓட்டின் கூரான முனைகளில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபக்கம் நாலு அடியாவது இறங்க வேண்டும். உடைந்த இடத்தை மட்டும் மூடினால் மேலிருந்து வரும் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்துவிடும். நடுவில் தொய்வு விட்டாலும் கெட்டது, தண்ணீர் தேங்கித் தொட்டில் மாதிரி இழுக்கும்.

கார்த்திகை மழை முழுக்க உள்ளே ஒரு சொட்டு இல்லை. அம்மா பாத்திரங்களை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். எனக்கு அது போதும்.

குறையும் உண்டு. காற்றடித்தால் ராத்திரி முழுக்க படபடவென்று சத்தம், முதல் வாரம் அம்மா தூங்கவில்லை. வெயில் அடித்தால் உள்ளே புழுக்கம், கைமரத்தில் ஈர வாடை. வெயில் நாட்களில் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துத் தூக்கிவிட்டோம். அப்புறம் வாடை குறைந்தது.

தையில் ஓடு மாற்றியதும் இறக்கினோம். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூங்கில் மேல் மடிந்த கோட்டில் ஊசிமுனை அளவுக்கு ஏழு ஓட்டைகள், மற்ற இடம் முழுசாக இருந்தது. இன்னொரு மழைக்காலத்துக்கு இதைக் கூரையில் போட மாட்டேன். இப்போது வாசலில் விரித்து அம்மா அதில் உளுந்து காய வைக்கிறார்.