இழுத்துப் போடும் ஸ்கிரிப்டும் 5 வருஷமும்

கல்லடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாகச் சுருக்கி, மூலையில் கடை லோகோவைப் பதிப்பது அன்றாட வேலை. அதற்காக, கட்டளை கொடுத்துப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை இயக்கும் பேட்ச் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் வரிசையாக நிறைவேற்றும் கட்டளைகள் எழுதிய கோப்பு) ஒன்றை எழுதி டெஸ்க்டாப்பில் வைத்தேன். படங்களை இழுத்து அதன் மேல் போட்டால் சரி. போட்ட ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் (எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற முகவரி) விண்டோஸ் %1, %2 என்று ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடும்.

எனக்கு ஒழுங்காகத்தான் ஓடியது. கடையில் வேலை செய்யும் தம்பிதான் ஒருநாள், "அண்ணே, கறுப்புப் பெட்டி வந்திட்டுப் போயிற்று" என்றான். அவன் சொன்னது ஸ்கிரிப்ட் ஓடும் கட்டளைச் சாளரத்தை. கடைசி வரியில் pause என்ற நிறுத்தக் கட்டளையைப் போட்டேன், பெட்டி மூடாமல் நின்றது. கோப்பைக் காணவில்லையாம். கோப்போ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது!

பெயர் 'மாப்பிள்ளை&பொம்பிளை'. பாதையில் எங்காவது இடைவெளி இருந்தால்தான் எக்ஸ்ப்ளோரர் அதற்கு மேற்கோள் குறி போடும். இதில் இடைவெளியே இல்லை. கட்டளைச் சாளரத்துக்கு & என்றால் அடுத்த கட்டளை தொடங்குகிறது என்று அர்த்தம். ஆகவே ஸ்கிரிப்டுக்கு வந்து சேர்ந்தது மாப்பிள்ளை மட்டும்தான். இடைவெளி விட்டு எழுதியிருந்தால் தப்பியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ராத்திரி போயிற்று. ஸ்கிரிப்டுக்குள்ளேயே சமாளிக்க வழி உண்டு, ஆனால் பார்க்கவே தலை சுற்றும். பெயரில் & வைக்கக் கூடாது என்று கடையில் சட்டம் போட்டுவிட்டேன்.

லோகோ காணாமல் போனது வேறு கதை. ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையில்தான் அது இயங்கும் என்று நம்பி லோகோவின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். பென்டிரைவிலிருந்து படங்களை இழுத்தபோது அது வேறு கோப்புறையில் லோகோவைத் தேடியது, குட்டு வெளிப்பட்டது. இப்போது %0 தரும் பாதையிலிருந்து ஸ்கிரிப்டின் இருப்பிடத்தை எடுத்து லோகோவைத் தேடுகிறேன்.

நூற்றுக்கணக்கான படங்களை ஒரேயடியாகப் போட்டால் நடக்காது. கட்டளை வரிக்கு 8191 எழுத்துதான் எல்லை, நீளமான பாதைகள் அதைச் சட்டென்று நிரப்பிவிடும். கோப்புறையையே இழுத்துப் போட்டு, உள்ளே இருப்பவற்றை ஸ்கிரிப்ட் எடுக்கும்படி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. வரிசையையும் நம்ப வேண்டாம். எந்தப் படத்தைப் பிடித்து இழுக்கிறோமோ அது முன்னால் வந்துவிடும்.

விண்டோஸின் இன்னொரு ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் எழுதிப் பார்க்கலாம் என்று ஒருமுறை ஆசைப்பட்டேன். அந்தக் கோப்பின் மேல் நேரே போட்டால் ஏற்காது, தனியாக ஷார்ட்கட் செய்ய வேண்டும். பேட்ச்சே போதும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி இப்போது இழுப்பதே இல்லை. ஸ்கிரிப்டின் ஷார்ட்கட்டை 'சென்ட் டு' பட்டியலில் சேர்த்துக் கொடுத்தேன், ரைட் கிளிக்கில் அனுப்பிவிடுகிறான். நான் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.