ஆஷ்மோலியனின் பிரின்ட் ரூம்: சாமுவேல் பால்மரை அருகிலிருந்து பார்க்க ஓர் இடம்

ஆக்ஸ்ஃபர்டில் போமான்ட் தெருவிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காட்சிக்கூடங்களைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே மேற்கத்திய ஓவியங்களுக்கென்று ஒரு பிரின்ட் ரூம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டால் யார் வேண்டுமானாலும் அங்கே உட்கார்ந்து, பெட்டிகளில் பாதுகாக்கப்படும் தாள் ஓவியங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. பேராசிரியராகவோ ஆய்வாளராகவோ இருக்க வேண்டியதும் இல்லை. நான் விடுமுறை நாட்களில் நீர்வண்ணம் தீட்டுகிறவள், அவ்வளவுதான். ரஃபேலும் மைக்கலாஞ்சலோவும் வரைந்த தாள்கள்கூட அந்தச் சேகரிப்பில் உண்டு. நான் கேட்டது ஆங்கிலேய ஓவியர் சாமுவேல் பால்மரை.

பால்மர் 1805இல் லண்டனில், ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே ராயல் அகாடமியில் அவர் படம் காட்சிக்கு வந்தது. 1824இல் ஜான் லின்னெல் என்ற ஓவியர் அவரைக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கிடம் அழைத்துச் சென்றார். முதுமையிலும் வறுமையிலும் இருந்த பிளேக்கின் சின்னஞ்சிறு மரச்செதுக்குப் படங்கள் அந்த இளைஞரை உலுக்கிவிட்டன. அடுத்த ஆண்டே, இருபது வயதில், அவர் சேப்பியா என்ற பழுப்பு மையில் வரைந்த ஆறு ஓவியங்கள் இன்று ஆஷ்மோலியனில் இருக்கின்றன. என் முன்பதிவே அவற்றுக்காகத்தான்.

பணியாளர் பெட்டியை மேசைமேல் வைத்து, ஓவியத்தைப் பொருத்தியிருக்கும் மவுண்ட் அட்டையை எப்படிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று காட்டினார். கேள்வி கேட்டபோது பொறுமையாகப் பதில் சொன்னார், மற்ற நேரமெல்லாம் என்னை என் போக்கில் விட்டுவிட்டார். இதைவிட நல்ல சேவையை நான் எதிர்பார்க்கவில்லை.

படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் அகலம்தான். 'அதிகாலை' என்ற படத்தில் உருண்டு திரண்ட ஒரு பெருமரம், அதன் அடியில் சிறு மனிதக் கூட்டம், முன்னால் பாதையில் ஒரு முயல். இணையத்தில் வாங்கிய ஒரு நகல் அச்சு என் வீட்டில் இருக்கிறது. அதில் இதெல்லாம் காபி சிந்திய கறையாகவே தெரிகிறது. அசலில் பார்க்கும்போதுதான் பால்மர் சேப்பியாவோடு அரபிப் பிசினைக் கலந்து, மேலே வார்னிஷும் பூசியிருப்பதன் பொருள் புரிகிறது. தலையைச் சற்றுச் சாய்த்தால் இருட்டான பகுதிகள் மினுங்குகின்றன. ஒவ்வொரு இலைக்கொத்துக்கும் தனித்தனிக் கோடு. ஒரே பழுப்பு நிறத்தில் விடியலின் ஈரத்தை எப்படிக் கொண்டுவந்தார் என்று வெகுநேரம் பார்த்தேன். தூரிகை பிடிக்கிற எவருக்கும் இந்த ஒரு தாள் போதும், ஓராண்டுப் பாடம் இருக்கிறது.

பிறகு அவர் கென்ட் மாவட்டத்து ஷோரம் கிராமத்தில் குடியேறினார். அவருடைய மிகத் துணிச்சலான வண்ண ஓவியங்கள் அங்கேதான் பிறந்தன. அவற்றை யாரும் வாங்கவில்லை. அவரும் ஒரு தனி உறையில் வைத்துக்கொண்டு நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டினார். 1837இல் லின்னெலின் மகள் ஹன்னாவை மணந்தார், இருவரும் இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். திரும்பி வந்தபின் பிழைப்புக்கு ஓவிய வகுப்பு எடுத்தார், சந்தைக்கு ஏற்ற நீர்வண்ணங்கள் தீட்டினார். அந்த இடைக்காலப் படங்களில் திறமை குறையவில்லை, ஆனால் என்னால் அவற்றோடு ஒட்ட முடியவில்லை.

அதனால் அவற்றைத் தாண்டி நேராக எச்சிங்குகளுக்குப் போனேன். செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்செடுக்கும் கலை இது. 1850இல்தான், நாற்பத்தைந்து வயதில், பால்மர் இதில் இறங்கினார். ஒரு தகட்டை மாதக்கணக்கில், சிலவற்றை ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருந்தவர் அவர். வாழ்நாளில் முடித்தவை பதின்மூன்று மட்டுமே.

அவற்றில் 1879இல் வந்த 'தனிக்கோபுரம்' என்னை அசையவிடவில்லை. மில்டனின் கவிதைக்கு வரைந்தது. குன்றின்மேல் கோபுரம், அதன் சாளரத்தில் ஒரு விளக்கு, அண்ணாந்து பார்க்கும் இரண்டு இடையர்கள், பள்ளத்தின் குறுக்கே பறக்கும் ஆந்தை. அந்தக் கோபுரம் சர்ரேயிலுள்ள லீத் ஹில் கோபுரத்தை ஒட்டியது. பால்மரின் மூத்த மகன் 1861இல், பத்தொன்பது வயதில், அந்தக் குன்றின் பக்கத்தில்தான் இறந்தான். பின்னாளில் ரெட்ஹில்லில் வாழ்ந்த தந்தைக்கு அந்தக் கோபுரம் தொலைவில் தெரிந்துகொண்டே இருந்தது. அடர்ந்த கோடுகளுக்கிடையே ஊசி தொடாமல் விட்ட வெள்ளைப் புள்ளிகள்தான் அந்தப் படத்தின் வெளிச்சம் முழுவதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அவற்றைச் சரியாகப் பார்க்க முடியாது.

1825ஐயும் 1879ஐயும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக் கிடைப்பதுதான் இந்த அறையின் பெரும் கொடை. ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இருள், அதே ஆடுமாடுகள், அதே சின்னச் சின்ன ஒளி. ஷோரத்தில் விட்டதை ஊசியால் மீட்டெடுத்திருக்கிறார். எந்தப் புத்தகமும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அவர் இறந்தது 1881இல். இளைய மகன் 1909இல் தந்தையின் குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் குவித்து எரித்துவிட்டார் என்பதை நினைத்தால், மிஞ்சிய தாள்கள் இப்படிப் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

போக விரும்புவோருக்கு: நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. பயணச் சீட்டு எடுக்கும் முன்பே அறையில் இடம் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தப் படம் வேண்டும் என்று அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் தேடி, பதிவெண்ணோடு கேளுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். ஒரே அமர்வில் நிறையப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஆறு சேப்பியாக்களும் இரண்டு மூன்று எச்சிங்குகளும் கேட்டாலே நேரம் போதாது.