அட்டையா, கணினியா, பென்சிலா: மாடல் ரயிலில் சரக்கு ஓட்ட எது சரிப்படும்?

மாடல் ரயில் ஓட லேஅவுட், அதாவது தண்டவாளமும் காட்சியும் சேர்ந்த அமைப்பு, கட்டி முடித்தாயிற்று. மலை இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது, ரயில் சுற்றிச் சுற்றி வருகிறது. அரை மணி நேரம் போனதும் கை தானாக சுவிட்சை அணைக்கப் போய்விடும். அந்த ரயிலுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இல்லை, இறக்குவதற்குச் சரக்கும் இல்லை. இதைச் சரிசெய்ய மாடல் ரயில்காரர்கள் பல வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றை நான் தொடர்ந்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன்: வேகனுக்கு ஓர் அட்டையும் அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வேபில் சீட்டும்; மாடல் ரயிலுக்கான ஜே.எம்.ஆர்.ஐ. மென்பொருளில் சரக்கு ஓட்டத்தைத் திட்டமிடும் ஆபரேஷன்ஸ் பகுதி; ஷண்டிங்குக்கு, அதாவது வேகன்களைப் பிரித்துச் சேர்த்து நிறுத்தும் வேலைக்கு, கையால் எழுதும் பட்டியல். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகவோ இரண்டு பேராகவோ ஓட்டினால் மென்பொருள். நாலைந்து பேர் கூடும் இடமென்றால் அட்டை. பென்சில் இரண்டுக்கும் வேண்டும்.

என் லேஅவுட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்வது எந்த அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியும். எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. சுவரோரமாகப் போகும் அலமாரி அமைப்பு. ஒரு முனையில் வேகன்களைப் பிரித்து அடுக்கும் யார்டு, நடுவில் சின்ன ஸ்டேஷன், மறுமுனையில் பேப்பர் மில். யார்டுக்கு அப்பால், பார்வையில் படாத இடத்தில், நாலு தண்டவாளங்கள். ஸ்டேஜிங் என்று சொல்லும் இந்த மறைவிடம்தான் எங்களுக்கு வெளியுலகம். சரக்கு அங்கிருந்து வரும், அங்கேயே போகும். எந்த முறையை எடுத்தாலும் சரி, இப்படி ஒரு வெளியுலகம் இல்லாவிட்டால் விஷயம் சீக்கிரம் சலித்துவிடும். உங்கள் லேஅவுட்டில் உள்ள ஒரு மில் இன்னொரு மில்லுக்கே எல்லாச் சரக்கையும் அனுப்பிக்கொண்டிருந்தால் யார்தான் நம்புவார்கள்?

அட்டை முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1961-இல் ஓர் அமெரிக்க மாடல் ரயில் பத்திரிகையில் டக் ஸ்மித் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. மேலே வேகனின் கம்பெனி எழுத்துகள், எண், வகை. அட்டையின் அடிப்பக்கத்தை மடித்து ஒட்டினால் ஒரு பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பைக்குள் வேபில் சீட்டைச் செருக வேண்டும். சீட்டில் நாலு கட்டம். முதல் கட்டம்: காலி வேகன் மில்லுக்கு. இரண்டாவது: காகிதம் ஏற்றிக்கொண்டு வெளியுலகத்துக்கு. மூன்றும் நாலும் அடுத்த சுற்றுக்கு. ஒரு நாள் ஓட்டம் முடிந்ததும் சீட்டை உருவித் திருப்பிச் செருகினால் வேகனுக்கு அடுத்த வேலை தயார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது யார்டில் நடக்கும் வேலை. ரயில் வந்து நின்றதும் அட்டைக் கட்டைக் கையில் எடுத்து, மில்லுக்கு ஒரு கட்டு, நடு ஸ்டேஷனுக்கு ஒரு கட்டு, வெளியுலகத்துக்கு ஒரு கட்டு என்று பிரிப்பீர்கள். பிறகு தண்டவாளத்தில் வேகன்களையும் அதே மாதிரி பிரிப்பீர்கள். ரயில் புறப்படும்போது கையிலுள்ள அட்டைகளின் வரிசையும் என்ஜினுக்குப் பின்னால் நிற்கும் வேகன்களின் வரிசையும் ஒன்றாக இருக்கும். இந்த வேலையில் ஒரு சுகம் இருக்கிறது. புதிதாக வருபவருக்கும் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். என் அக்கா மகன் முதல் தடவை வந்தபோது கேட்ட ஒரே கேள்வி, “மாமா, இது ரொம்பி வழியுதே, இத எங்க வைக்கிறது?” என்பதுதான்.

நியாயமான கேள்வி. அட்டை முறையின் பெரிய பலவீனமே அதுதான். வேகன்கள் நிற்கும் பக்கத் தண்டவாளத்தை சைடிங் என்போம். அட்டைக்கு அதன் நீளம் தெரியாது. எச்.ஓ. அளவில் 40 அடி பாக்ஸ் வேகன் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர், வேகன்களை இணைக்கும் கப்ளிங்கோடு சேர்த்து 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 சென்டிமீட்டர் சைடிங்கில் மூன்று நிற்கும். ஆனால் சீட்டுகள் ஒரே நாளில் ஐந்து வேகன்களை அங்கே அனுப்பும். அட்டைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஒரு விதத்தில் இதுவும் நிஜம்தான். நிஜ ரயில்வேயிலும் மில்லில் இடமில்லாவிட்டால் வேகனைப் பக்கத்து லைனில் நிறுத்தி வைப்பார்கள், இடம் காலியானதும் கொண்டுபோய் வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதுவே நடந்தால், இரு முனையிலும் முக்கிய லைனோடு சேரும் லூப் லைன் முழுக்க வேகன் நின்று, கடைசியில் எதையும் அசைக்க முடியாது.

இன்னொரு குறை, சீட்டில் நாலு கட்டம்தான். அவ்வப்போது சீட்டுகளை மாற்றிப் போடாவிட்டால் அதே வேகன் அதே கதவுக்கு வந்து நிற்கும். பச்சை ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டும் வேகன்) வந்தாலே அது எங்கே போகப்போகிறது என்று பார்க்காமலே தெரிந்துவிடும். அப்புறம், அட்டைகளை வைக்க லேஅவுட் ஓரத்தில் பெட்டிகள் அவசியம். ஒவ்வொரு ஊருக்கும் மூன்று அறைகள்: எடுக்க வேண்டியவை, வைத்தவை, இன்னும் நிற்க வேண்டியவை. பெட்டி இல்லாவிட்டால் வந்தவர்கள் அட்டையை மலை மேல் வைப்பார்கள், கூரை மேல் வைப்பார்கள். தயாராக அச்சடித்துக் கிடைக்கும் அட்டைகளைவிட, தடிமனான காகிதத்தில் நாமே அச்சிட்டு வெட்டியவை கைக்கு இதமாக இருக்கின்றன. எழுத்தையும் வேண்டிய அளவு பெரிதாக வைத்துக்கொள்ளலாம். மங்கலான வெளிச்சத்தில் படிக்கத்தானே போகிறோம்.

இனி ஜே.எம்.ஆர்.ஐ. இது இலவசம், திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பலருக்கு இதை டிகோடர், அதாவது என்ஜினுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, அமைக்கும் கருவியாகத்தான் தெரியும். உள்ளே ஆபரேஷன்ஸ் என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. கணினியை லேஅவுட்டோடு இணைக்கவே வேண்டாம், வெறும் கணக்கப்பிள்ளையாக இருந்தால் போதும் என்றாலும் அது வேலை செய்யும். நீங்கள் சொல்ல வேண்டியது: எந்தெந்த ஊர்கள், அங்கே எந்தெந்தத் தண்டவாளங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எந்த வகை வேகனை ஏற்றுக்கொள்ளும். பிறகு வேகன்கள், அவற்றின் நீளம், எந்தச் சரக்கு ஏற்றும். கடைசியாக ரயில் போகும் வழி, ஒவ்வொரு ஊரிலும் அதிகபட்சம் எத்தனை வேகன் எடுக்க, வைக்கலாம் என்பது. ‘பில்ட்’ பொத்தானை அழுத்தினால் அன்றைய ரயிலுக்கான மேனிஃபெஸ்ட் வந்துவிடும்: இந்த ஊரில் இந்த வேகனை எடு, அந்த ஊரில் அந்த வேகனை வை.

ஆரம்ப வேலை அலுப்பூட்டும், அதை மறைக்க விரும்பவில்லை. வேகன் வேகனாக எண்ணைத் தட்டச்சு செய்யும்போது இது பொழுதுபோக்கா, அலுவலகமா என்று தோன்றும். ஆகவே எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். ஒரு யார்டு, ஒரு மில், பத்துப் பன்னிரண்டு வேகன், ஒரு ரயில். அது சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு மற்றவை. சைடிங் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வேகன்களால் நிரப்பவும் வேண்டாம். காலி இடம் இருந்தால்தான் மென்பொருளுக்கும் உங்களுக்கும் மூச்சுவிட முடியும்.

ஆனால் அது தரும் பலன்? முதலில், சைடிங் ரொம்பி வழிவது நின்றுபோகும். அடுத்தது பில்ட் ரிப்போர்ட். ஒரு வேகன் ஏன் இந்த ரயிலில் சேரவில்லை என்பதற்கு அது காரணம் சொல்லும்: போக வேண்டிய தண்டவாளத்தில் இடமில்லை, இந்த வகையை அங்கே ஏற்பதில்லை, இந்த ரயில் அந்த ஊரில் நிற்காது. இதை ஊன்றிப் படித்தால் உங்கள் லேஅவுட்டின் கோளாறுகளே தெரிந்துவிடும். மூன்றாவது, ஷெட்யூல் என்ற வசதி. பேப்பர் மில்லில் களிமண் இறக்கும் லைனுக்கு என்னென்ன சரக்கு எந்த வரிசையில் வர வேண்டும், வந்த வேகன் எத்தனை ரயில் வந்து போகும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லலாம். சரக்கு ஏற்றி முடிக்க நேரமாகும் என்ற உண்மையை அட்டைக்கு நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். இங்கே ஒருமுறை எழுதி வைத்தால் போதும்.

பேப்பர் மில்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சரக்கு ஓட்ட ஆசைப்படுபவர் ஒரே ஒரு தொழிற்சாலைதான் வைக்க முடியும் என்றால் அதையே வையுங்கள். மரக்கட்டை ஒரு வகை வேகனில் வரும், காகிதத்துக்கு வழவழப்புத் தரும் வெள்ளைக் களிமண், மேல்மூடி உள்ள ஹாப்பரில் வரும், ரசாயனம் டேங்கரில் வரும், காகித உருளைகள் பாக்ஸ் வேகனில் வெளியே போகும். அந்த பாக்ஸ் வேகன் உள்ளே சுத்தமாக, ஒழுகாமல் இருக்க வேண்டும். கண்ட வேகனையும் அனுப்பினால் மில் திருப்பி அனுப்பிவிடும்.

என் மில்லில் ஏற்றும் மேடைக்கு இரண்டு கதவுகள், ஒரே லைன். மேனிஃபெஸ்டில் ‘உள் கதவில் நிற்கும் வேகனை எடு, காலி வேகனை அங்கே வை’ என்று வருகிறது. வெளிக் கதவில் பாதி ஏற்றிய வேகன் நிற்கிறது. அதன் நேரம் இன்னும் முடியவில்லை. என்ன செய்வது? இரண்டையும் சேர்த்து வெளியே இழுத்து, முடிந்ததை ஒதுக்கி, காலியை உள்ளே தள்ளி, பாதி ஏற்றியதை மறுபடி அதே கதவுக்கு நேராக நிறுத்த வேண்டும். கதவுக்கு நேராக என்றால் நேராகத்தான். ஒரு விரல்கடை தள்ளி நின்றாலும் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகாது. இதற்கு மேல் இன்னொரு தொல்லை. யார்டிலிருந்து வரும்போது மில் லைனின் பாயிண்ட் எதிர்முகமாக, அதாவது லைன் முன்பக்கமாகப் பிரியும்படி, இருக்கிறது. வேகனை இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போனால் என்ஜின் முட்டுக்கட்டைக்கும் வேகனுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். லூப்பில் ரயிலை நிறுத்தி, என்ஜினைக் கழற்றி, சுற்றிக்கொண்டுபோய்ப் பின்னால் மாட்டித் தள்ள வேண்டும். லூப்பில் ஐந்து வேகன்தான் அடங்கும். ஏழு வேகனோடு வந்தால் இதையே இரண்டு தவணையாகச் செய்ய வேண்டும். காகிதத்தில் ஒரு வரி, தண்டவாளத்தில் கால் மணி நேரம். சுற்றிச் சுற்றி ஓட்டுவதில் கிடைக்காதது இதுதான்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிஜத்தில் ஷண்டிங் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அரிதாகவே போகும். எச்.ஓ. அளவில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்கச் சுமார் 20 நொடி. ஒருமுறை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் இதைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். கப்ளிங் மாட்டியதும் பிரேக் சோதனைக்காகக் கொஞ்சம் நில்லுங்கள். லேஅவுட் திடீரென்று பெரிதானது போல இருக்கும். இதே காரணத்தால்தான் நிஜ நிமிடம் ஒன்றுக்கு நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று ஓடும் வேகக் கடிகாரங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. நீண்ட தூர ரயில்களுக்கு அவை சரி. மில்லில் வேகன் மாற்றுபவரை அவை அடித்துத் துரத்தும்.

மென்பொருளின் உண்மையான பலவீனம் வேறொன்று. தண்டவாளத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. ஒரு வேகன் தடம் புரண்டு அதை எடுத்து ஓரமாக வைத்தீர்கள், அல்லது நேரமில்லாமல் ஒன்றை விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால், எல்லாம் சொன்னபடி நடந்ததாகவே அது நினைத்துக்கொள்ளும். அடுத்த ரயிலில், இல்லாத வேகனை எடுக்கச் சொல்லும். அட்டை முறையில் இந்தப் பிரச்சினை வராது. வேகன் எங்கே நிற்கிறதோ அட்டையும் அங்கேதான் இருக்கும், இரண்டும் சேர்ந்தே நகரும். அதனால்தான் நாலைந்து பேர், அதிலும் புதியவர்கள், கூடும் இடத்தில் அட்டை என்கிறேன். ஆளாளுக்கு ஒரு வேகனை இடம் மாற்றி வைத்தாலும் அது சமாளித்துவிடும். தனியாக ஓட்டுபவர் முடிக்கும்போது மேனிஃபெஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நடை நடந்து, மாறியதைத் திருத்திவிட்டால் போதும்.

பென்சிலின் வேலை இங்கேதான் வருகிறது. அச்சடித்த மேனிஃபெஸ்ட்டை அப்படியே வைத்து ஓட்டாமல், ஊருக்கு வந்ததும் அங்கே நிற்கும் வேகன்களையும் நான் கொண்டுவந்தவற்றையும் ஒரு துண்டுத்தாளில் வரிசையாக எழுதுகிறேன்: எண்ணின் கடைசி மூன்று இலக்கம், வகை, போக வேண்டிய லைன். நிஜ ஷண்டிங் ஆட்கள் கையில் வைத்திருந்ததும் இப்படிப்பட்ட பட்டியல்தான். எழுதும்போதே எதை முதலில் இழுக்கலாம் என்று மனதில் ஓடிவிடும். எழுதாமல் ஓட்டினால் அதே வேகனை இரண்டு தடவை நகர்த்த நேரிடும்.

வேகனின் கூரையில் வண்ணக் குண்டூசியோ சின்ன வில்லையோ வைத்து ஊரைக் குறிக்கும் பழைய முறையும் உண்டு. படிக்கத் தெரியாத குழந்தைக்குக்கூட விளங்கும். ஆனால் பார்த்துப் பார்த்து வண்ணமடித்த வேகனின் தலையில் சிவப்பு வில்லையா? எனக்கு மனசு வரவில்லை. இங்கிள்நுக் என்ற ஷண்டிங் புதிரும் எனக்கு ஒத்துவரவில்லை, வேறு காரணத்துக்காக. 5, 3, 3 வேகன் கொள்ளும் மூன்று சைடிங், எட்டு வேகன், அதில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி வந்த வரிசையில் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம் என்பதால் எளிதில் தீராது. இடமே இல்லாதவர்களுக்கு அருமையான விளையாட்டு. ஆனால் எந்த ரயில்வேயும் தன் ஆட்களைத் திணறடிப்பதற்காகத் தண்டவாளம் போடுவதில்லை. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். களிமண் ஹாப்பர் மூன்றாவதாக நிற்க வேண்டும் என்றால் அதற்கு மில்லில் ஒரு காரணம் இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் அதைத் தராது.

இப்போதைக்கு என் ஏற்பாடு இது: மென்பொருள் மேனிஃபெஸ்ட் தயாரிக்கும், ஓட்டுவது பென்சில் பட்டியலை வைத்து. ஆட்கள் கூடும் நாளில் மட்டும் அட்டைகள் வெளியே வரும். அன்று ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு வேகனும் நிற்கும் இடத்தைக் கணினியில் மாற்ற வேண்டியிருக்கிறது. அது எரிச்சலான வேலைதான், ஆளுக்கொரு ஊர் என்று பிரித்து எண்களைப் படிக்கச் சொன்னால் சீக்கிரம் முடிகிறது. இந்த இரட்டை வேலை வேண்டாம் என்பவர்கள் ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். யாரும் வந்து ஓட்டப்போவதில்லை என்றால் அட்டை அச்சிடவே வேண்டாம், நேராக ஆபரேஷன்ஸுக்குப் போய்விடுங்கள்.