வில்லின் வயிறு நொறுங்காமல் காக்க எது மேல்: மூங்கில் ஒட்டுவதா, அகலமாக இழைப்பதா, அனலில் வாட்டுவதா?

கையால் செய்த மரவில் கெட்டுப்போனால் நம் பக்கத்தில் முதலில் கிடைக்கும் யோசனை, "அண்ணாச்சி, முதுகில் ஒரு மூங்கில் பட்டையை ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும்" என்பதுதான். வில் முதுகுப் பக்கம் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) பிளந்து முறிந்திருந்தால் அது நல்ல யோசனை. ஆனால் திருநெல்வேலி வட்டாரத்து மரங்களில் செய்யும் வில்கள், நான் பார்த்த வரையில், அப்படிப் பளிச்சென்று முறிவது குறைவு. அவை சோர்ந்துபோகின்றன. நாணை இறக்கிய பிறகும் நிமிராமல் கூன் போட்டு நிற்கின்றன. எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், நாருக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும். நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் அந்த இடத்தில் லேசாகத் தடுக்கும். அது மேலே விழுந்த கீறல் அல்ல. அமுக்கம் தாங்காமல் மரநார் மடிந்துபோன இடம்.

நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதாவது முதுகு, நீள்கிறது. எய்பவரைப் பார்க்கும் வயிறு அமுங்குகிறது. பொதுவாக மரம் அமுக்கத்தைவிட இழுப்பை ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும். ஆகவே முதலில் தோற்பது வயிறுதான். முதுகை மேலும் பலப்படுத்துவது தோற்காதவனுக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிற வேலை.

இன்னும் கேடு என்னவென்றால், மூங்கிலின் மேல்தோல் எளிதில் நீளாது. தடித்த மூங்கிலை முதுகில் ஒட்டினால், நீளவும் அமுங்கவும் செய்யாத நடுத்தளம் முதுகை நோக்கி நகரும். வளைவு முழுவதற்கும் வயிறே ஈடுகொடுக்க வேண்டிவரும். நல்ல பசை போட்டு, அழகாகக் கட்டி, ஒரே மாதத்தில் வயிறு முழுக்கக் குறுக்குக் கோடு விழுந்த வில்களின் கதை இதுதான். மூங்கில் வேண்டாம் என்று சொல்லவில்லை. 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் சீவி, வில்லின் இரு ஓரங்களையும் சரிவாக இழைத்து, முதுகை வயிற்றைவிடக் குறுகலாக்கிவிட வேண்டும். அப்போது நடுத்தளம் மறுபடி வயிற்றுப் பக்கம் இறங்கும், பாரம் பங்காகும். வயிற்றுக்கு வைரம் (முற்றிய நடுமரம்) பாய்ந்த கருவேலம் கிடைத்தால் இந்தக் கூட்டு பலிக்கும். இளசான, வெளிறு (பட்டையை அடுத்த வெளிர்ந்த மரம்) மிகுந்த மரம் என்றால் பசைக்குச் செலவழித்த காசு வீண்.

அடுத்தது, எனக்குப் பிடித்தது: வயிற்றை அகலமாகவும் தட்டையாகவும் இழைப்பது. கணக்கு எளிது. வில்லின் விறைப்பு அகலத்தோடு நேராக ஏறுகிறது. தடிமனோடு முப்படியாக (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறுகிறது. தடிமனில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பு சுமார் 27 சதவீதம் போய்விடும். அதை ஈடுகட்ட அகலத்தை 37 சதவீதம் கூட்ட வேண்டும். மாற்றாகக் கிடைப்பது என்ன? அதே வளைவில் வயிற்றுநார் அமுங்கும் அளவு 10 சதவீதம் குறைகிறது. மரம் நொறுங்கும் எல்லைக்கு அருகில் நிற்கும்போது இந்தப் பத்து பெரிய விஷயம்.

உருண்டை வயிற்றின் மீது நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. இங்கிலாந்து நெடுவில்லைப் படத்தில் பார்த்துவிட்டு அப்படியே செய்யப் பார்க்கிறார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவை யூ என்ற ஊசியிலை மரத்தவை: முதுகில் வெளிறு, வயிற்றில் வைரம். யூ மரத்து வைரம் அமுக்கத்தை அசாத்தியமாகத் தாங்கும்; அதனால் அந்த உருண்டை அதற்குச் செல்லும். மற்ற மரத்தில் அதே உருண்டையை வைத்தால் வயிற்றின் உச்சியில் இருக்கும் குறுகிய பட்டைதான் முழு அமுக்கத்தையும் வாங்கும். டென்மார்க்கின் ஹோல்மகார்டில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழைய வில்கள் எல்ம் மரத்தில் செய்தவை. அவற்றின் கைகள் (கைப்பிடிக்கு இரு பக்கமும் வளையும் பகுதிகள்) அகலமானவை. தன் மரம் எது என்று தெரிந்தவன் செய்த வேலை.

அகலமாக இழைக்க நேரான, அகலமான மரம் வேண்டுமே? இங்குதான் சிக்கல். சீமைக்கருவேல் ஊரெல்லாம் கிடக்கிறது, கனத்த மரம், ஆனால் ஆறடிக்குக் கோணலில்லாத துண்டு தேடினால் நாள் போய்விடும். பனை நேராகக் கிடைக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் காய்ந்து முற்றிய பனங்கை (கூரைச் சட்டம்) கிடைத்தால் விடக்கூடாது. ஆனால் பனைக்கு ஒரு குணம் உண்டு: கறுத்த வலுவான நார் எல்லாம் வெளிப்பக்கம் நெருங்கியிருக்கும், உள்ளே போகப் போகச் சோறுதான். தடிமனாக அறுத்து வெளிப்பக்கத்தை முதுகாக வைத்தால், மெத்தென்ற உட்பக்கம் வயிறாகிவிடும். இதைவிட மோசமான அமைப்பு கிடையாது. வெளிப்பட்டையை மட்டும் எடுத்து, மெலிதாக, அகலமாக இழைப்பதே வழி. "வில்லுப்பாட்டு வில்லைப் பனையில்தானே செய்கிறார்கள்?" என்று கேட்பார்கள். செய்கிறார்கள். அது குடத்தின் மேல் அமர்ந்து வீசுகோலால் அடி வாங்குகிற வில். அதை யாரும் காது வரைக்கும் இழுப்பதில்லை.

நீளம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இழுக்கும் தூரத்தின் இரு மடங்கு, அதற்கு மேல் 10 சதவீதம், வளையாத கைப்பிடி இருந்தால் அந்த நீளமும். 28 அங்குலம் இழுப்பவருக்கு, எட்டு அங்குலக் கைப்பிடியோடு, ஏறக்குறைய 70 அங்குலம் வருகிறது. குட்டை வில் ஆசைக்கு வயிறுதான் விலை கொடுக்கும்.

அனலில் வாட்டுவது மூன்றாவது வழி. சிலம்பக் கம்பை வாட்டி நிமிர்த்துகிற ஊர்க்காரர்களுக்கு நெருப்பின் மீது பயமில்லை. அதுவே இங்கே ஆபத்து. கம்பைச் சுற்றிலும் வாட்டலாம். வில்லில் வயிறு மட்டும்தான் வாட வேண்டும். தணல் மூட்டி, சாண் உயரத்தில் வயிறு கீழ்நோக்கி இருக்கும்படி வில்லைக் கட்டையோடு இறுக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நிறம் தேனிலிருந்து காப்பித்தூள் பழுப்புக்கு வரும். முதுகில் கை வைத்தால் வைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் உடனே தூக்கிவிடுங்கள். வாட்டிய வயிறு விறைக்கும், அமுக்கத்தைக் கூடுதலாகத் தாங்கும், இழுவிசையும் சற்று ஏறும். ஆனால் மரம் எலும்பாகக் காய்ந்திருக்கும். அன்றே நாணேற்றினால் முறிந்துவிடும். சில நாள்கள் நிழலில் கிடந்து காற்றின் ஈரத்தை வாங்கிய பிறகு, வளைவை மறுபடி சரிபார்த்துத்தான் இழுக்க வேண்டும். தட்டையாக இழைத்த வில்லுக்கு இது நல்ல மெருகு. தடித்த உருண்டை வில்லை இது காப்பாற்றாது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம் இருக்கிறது. மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அமுக்க வலு சுமார் 5 சதவீதம் இறங்கும். வில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் நல்லது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் அது தானாக அமையும். ஆனி, ஆடிச் சாரலில் தென்காசிப் பக்கமோ ஐப்பசி மழையில் வேறெங்குமோ வைத்திருந்தால் மரம் 15, 16 வரை ஏறிவிடும். வயிற்றின் வலுவில் கால் பங்கு போய்விடும். மளிகைத் தராசில் கட்டையைத் தினமும் நிறுத்து எடையைக் குறித்து வாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு உளியை எடுக்கலாம். மழைக்காலத்தில் வில்லை நாணேற்றியே சுவரில் மாட்டி வைப்பவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இழைக்கும்போதே கவனிக்க ஒரு சோதனை: ஒவ்வொரு முறை கூடுதலாக இழுத்த பிறகும் நாணை இறக்கி, வில்லை நேரான பலகை மீது வைத்து இடைவெளியைப் பாருங்கள். முடிந்த வில்லில் ஒரு அங்குலக் கூன் நல்ல வேலை, இரண்டு பரவாயில்லை. பாதி இழுப்பிலேயே கூன் தலைகாட்டினால், எங்கோ ஓரிடம் மட்டும் அதிகமாக வளைகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கமும் சீவ வேண்டும்.

கோடு ஏற்கெனவே விழுந்துவிட்ட வில்லுக்கும் இதே வைத்தியம்தான். கோடு உள்ள இடத்தில் அரத்தைப் போட்டுத் தேய்த்து மறைப்பவர்கள் அதை மேலும் மெலிதாக்கி, வளைவை அங்கேயே குவிக்கிறார்கள். மற்ற இடங்களைச் சீவி வளைவைப் பகிர்ந்துவிட்டு, இழுவிசை குறைந்த வில்லாக வைத்துக்கொள்ளலாம். மடிந்த நார் மறுபடி நிமிராது. இழுக்கும் தூரத்தை ஓரிரு அங்குலம் குறைத்துக்கொண்டால் அது மேலும் பரவாமல் பல காலம் ஓடும்.