ஏற்காட்டில் இரண்டு நாள் கூட்டமா, சேலத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூட்டமா?

வரும் ஆண்டுத் திட்டத்தை எழுத உட்கார்ந்தாலே நம் ஆவணக் காப்பாளர் சங்கத்தில் பேச்சு இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுகிறது. சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

செலவு
ஏற்காடு: அறை, சாப்பாடு, வேன் என்று கையிருப்பு ஒரே மூச்சில் கரையும். மே மாதம் கோடை விழாக் கூட்டம் வேறு.
சேலம்: ஒரு கூடம், டீ, வடை.

வந்து போக
ஏற்காடு: சேலம் வந்த பிறகும் 20 கொண்டை ஊசி வளைவுகள். வயதானவர்களுக்குச் சிரமம்.
சேலம்: நாமக்கல், தருமபுரிக்காரர்கள் இரவுக்குள் வீடு திரும்பலாம்.

வேலை
சேலம்: கீறி எழுதிய ஓலைச்சுவடியை மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நீளவாக்கில் தடவ வேண்டும். அழுத்தினால் ஓரம் உதிர்ந்துவிடும். கை பழக மாதக்கணக்கில் ஆகும், அதனால் மாதக் கூட்டமே சரி.
ஏற்காடு: பழைய தாள்களை மலைக்கு எடுத்துப் போகவே வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தில் தாள் ஈரம் இழுக்கும், அப்புறம் பூஞ்சைதான். ஆனால் மனம்விட்டுப் பேச மலை நல்ல இடம்.

புது உறுப்பினர்களைப் பழக்க வேண்டுமென்றால் சேலம். எல்லா ஊருக்கும் பொதுவான ஆவணப் பட்டியல் முறையை உட்கார்ந்து பேசி முடிக்க ஏற்காடு, அதுவும் மே மாதம் கழித்து. எதுவானாலும் ஜூன் 9, சர்வதேச ஆவணக் காப்பக நாள் கண்காட்சிக்கு முதலில் பணத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.