குழந்தையின் நுரையீரல் நோய்க்குத் திசு எடுப்பதா, மரபணுவைப் பார்ப்பதா?

காரணம் தெரியாமல் மூச்சிரைப்பும் ஆக்சிஜன் குறைவும் நீடிக்கும் கைக்குழந்தைக்கு, அறுவை வழியே நுரையீரல் திசுவை எடுத்துப் பார்ப்பதே ஒரு காலத்தில் கடைசி விடையாக இருந்தது. இன்று அந்த இடத்தின் பெரும்பகுதியை மரபணுச் சோதனை பிடித்துக்கொண்டுவிட்டது. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் பூச்சுப்பொருளுக்குத் தேவையான எஸ்எஃப்டிபிபி, எஸ்எஃப்டிபிசி, ஏபிசிஏ3 ஆகிய மரபணுக்களின் கோளாற்றைச் சிறிதளவு இரத்தமே காட்டிக்கொடுக்கும்போது, நிலை மோசமாகாத குழந்தையின் மார்பைத் திறப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

ஆனால் மரபணு முடிவு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். கோளாறு இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று பொருளாகாது. பிறந்த சில நாட்களில் கடும் நுரையீரல் இரத்த அழுத்தத்தோடு வென்டிலேட்டரில் கிடக்கும் சிசுவுக்கு, நுண்தந்துகிகள் சரிவர உருவாகாத பிறவிக் கோளாறு இருக்கிறதா என்பதைத் திசு ஓரிரு நாட்களில் சொல்லிவிடும். சிகிச்சையைத் தொடர்வதா, மாற்று நுரையீரலுக்கு முயல்வதா என்ற முடிவு அதைப் பொறுத்தது என்பதால், இங்கே காத்திருப்பதைவிடத் திசு எடுப்பதே மேல் என்பது என் கருத்து. அந்த அழுத்தமே அறுவையின் ஆபத்தையும் கூட்டுகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

இடைப்பட்ட வழிகள் இரண்டு. மூச்சுக்குழாய் வழியே நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீர், எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தையின் தொற்றைக் கண்டறிய முதலில் நாடவேண்டியது. திசுவின் கட்டமைப்பை மட்டும் அது காட்டாது. அதே வழியில் இடுக்கியால் கிள்ளி எடுக்கும் துணுக்கு, மாற்று நுரையீரலை உடல் நிராகரிக்கிறதா என்று அறிய உதவும். மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்க் கருவியான பிராங்கோஸ்கோப்பில், கைக்குழந்தைக்கான மெல்லிய வகையின் இடுக்கி நுழையும் உள்வழி ஏறத்தாழ 1.2 மி.மீ. மட்டுமே என்பதால், மற்ற நோய்களில் அது பெரும்பாலும் ஏமாற்றமே தரும்.

அறுவை என்று முடிவானால், சிறு துளைகள் வழியே கேமராவோடு செய்வது வலியையும் தழும்பையும் குறைக்கும். வென்டிலேட்டரின் உயர் அழுத்தத்தில் இருக்கும் சிசுவோ ஒரு பக்க நுரையீரலைச் சுருக்குவதைத் தாங்காது. அதற்குச் சிறிய திறந்த கீறலே பாதுகாப்பானது.

எந்த வழியில் எடுத்தாலும், துண்டு முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் பாதிப் பயன் போயிற்று: கிருமி வளர்ப்புக்குப் புதிய திசுவும், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு குளுட்டரால்டிஹைடு என்ற வேறொரு பதப்படுத்தும் திரவத்தில் வைத்த ஒரு துணுக்கும் தனியே ஒதுக்கப்பட வேண்டும்.