வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்கிறார்கள்: மட்டக்களப்பு, அம்பாறை நண்பர்கள் கவனத்திற்கு

பழைய ஹொண்டா அக்கோர்ட், மஸ்டா 6, சுபாரு லெகசி போன்ற கார்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முற்பணம் கொடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை, தண்ணீரே படவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி எனக்கு விற்றுவிட்டார்கள். விற்றது அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் உள்ள ஒரு வாகன விற்பனை நிலையம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

கார் ஏழாம் தலைமுறை அக்கோர்ட், 2,000 சிசி, தானியங்கிக் கியர். ஓட்டத் தெரிந்தவர்கள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பதை ஒருமுறை பிபிலை தாண்டி லுணுகலை, பசறை வளைவுகளில் கொண்டுபோனால் புரிந்துகொள்ளலாம். முன்சக்கரங்களில் டபிள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு கரங்கள் தாங்கும் அமைப்பு. வளைவில் கார் சாயாமல் பாதையைப் பிடித்துக்கொண்டு போகும். எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் காலத்துக்குக் காலம் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒழுங்கான பழைய கார் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கழித்துவிட வேண்டிய வாகனத்தைக்கூடத் துடைத்து மெருகேற்றி விற்றால் இலாபம் என்ற நிலை அப்படித்தான் உருவானது.

பதிவுப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளரின் முகவரி களனி கங்கைக்கு அருகில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு அந்தப் பகுதிகள் மூழ்கியதை எல்லோரும் அறிவோம். அதனால் நேரடியாகவே கேட்டேன். “தம்பி, வீடுதான் அங்கே. வாகனம் எப்போதும் குருநாகல் அலுவலகத்தில்தான் நின்றது” என்றார் விற்பனை நிலைய உரிமையாளர். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் எஞ்சினைப் பார்த்தார், ஸ்கேனர் போட்டார், கியர் எண்ணெயை இழுத்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். விலையும் சந்தை விலையைவிடச் சற்றுத்தான் குறைவு. சந்தேகம் எழும் அளவுக்கு இல்லை.

சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு எயார்பேக் விளக்கு எரிந்தது. பின்பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறவில்லை. மழை நாளில் கதவைத் திறந்தால் சேற்று நாற்றம். கடைசியாக, பொலன்னறுவைப் பாதையில் மன்னம்பிட்டியைத் தாண்டும்போது கியர் மாறுகிற ஒவ்வொரு தடவையும் கார் உதறத் தொடங்கியது.

மட்டக்களப்புக் கராஜில் இருக்கைகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கினோம். விரிப்பு புத்தம் புதியது. அதன் கீழிருந்த பஞ்சு பழையது, பிழிந்தால் மண் கரைந்து வந்தது. வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு. எயார்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி இந்தக் காரில் முன் இருக்கைகளுக்கு நடுவே தரையோடு இருக்கிறது, அதற்குள்ளும் சேறு. விபத்து நடந்தால் அந்தப் பை விரியுமா என்பதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன கார் இது. பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

கியர் எண்ணெய் விடயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் மிக நுட்பமாக ஏமாற்றியிருக்கிறார்கள். அடியில் உள்ள திருகைக் கழற்றி ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் வெளியே வரும். மீதியில் பெரும்பகுதி, எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். விற்பதற்குச் சற்று முன் வடித்துப் புதிது ஊற்றினால், ஓடிக் கலக்கும் வரை அளவுகோலில் நல்ல நிறமே தெரியும். நாங்கள் வடித்தபோது அது பால் தேநீர் நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய் உள்ளே இருக்கும் கிளச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும். கியர்ப்பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

முன்னைய உரிமையாளரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். நேர்மையான மனிதர். இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் நின்றதாகவும், காப்புறுதி நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணம் தந்துவிட்டுக் காரை எடுத்துப்போனதாகவும் ஒளிக்காமல் சொன்னார். அதை விற்பனையாளரிடம் சொன்னேன். “ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

நீங்கள் கார் பார்க்கப் போனால் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள்; சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் ஆணிகளில் துரு இருக்கிறதா, ஸ்பானர் போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கடற்காற்றில் துரு சாதாரணம் என்பார்கள். கடற்காற்றுத் துரு வெளித்தகட்டில் வரும், உட்புற ஆணியில் பெரும்பாலும் வராது. மேலதிகச் சக்கரம் வைக்கும் குழியின் மூலைகளை விரலால் தடவுங்கள். விரிப்பின் ஒரு மூலையையாவது தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். “வெள்ளத்தில் மூழ்கவில்லை” என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 2024 நவம்பரில் எங்கள் மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது; எனவே உள்ளூர் வாகனம் என்பதற்காக இதில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

நான் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் எழுத்துமூலம் முறைப்பாடு செய்திருக்கிறேன். அவர்களது தொலைபேசி இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பதால் காலம் கடத்தாதீர்கள். பழைய விரிப்புப் பஞ்சு, வடித்த எண்ணெய், கழற்றிய எயார்பேக் பெட்டி எல்லாவற்றையும் கராஜில் பத்திரமாக வைத்திருக்கிறேன். டித்வாவுக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கார் வாங்கி, மழை நாளில் அதே நாற்றத்தை உணர்ந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்; விற்றவர் ஒரே ஆளாக இருந்தால் சேர்ந்து முறையிடுவோம்.